கரிக்கோடும் பிலிகுண்டுலுவும்

பாலக்கோட்டுக்கும் இராயக்கோட்டைக்கும் இடையில் இருக்கும் எங்கள் ஊரில், என் கொள்ளுத்தாத்தாவும் அவருடைய உடன்பிறந்தார் மூவரும் சேர்ந்து வெட்டிய கூட்டுக் கிணறு ஒன்று உண்டு. அறுபதடி ஆழம், அடிவரை இறங்கக் கற்படிகள், நான்கு பங்கு. மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்தில் பங்காளிக்கு ஒரு நாள் என்று முறை வைத்திருந்தார்கள். மின் மோட்டார் வந்த பிறகு அந்த முறை மணிக்கணக்காக மாறியது. மணிக்கணக்கு வந்ததும் கூடவே ஒரு சிக்கலும் வந்தது. மும்முனை மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாத நிலையில், ஒருவருடைய முறை நடக்கும்போது மின்சாரம் நின்றுவிட்டால் அந்த நேரம் யாருடைய நட்டம் என்ற கேள்வி எழுந்தது. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஒரு வழி கண்டார்கள். இழந்த ஒவ்வோர் அரைமணிக்கும் மோட்டார்க் கொட்டகையின் உட்சுவரில், அவரவர் பங்குக்கென்று ஒதுக்கிய இடத்தில், அடுப்புக்கரியால் ஒரு கோடு போட வேண்டும். அடுத்த சுற்றில் அந்த நேரத்தைப் பெற்றுக்கொண்டதும் கோட்டைக் குறுக்கே அடித்துவிட வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது அந்தச் சுவரில் நூற்றுக்கணக்கான கோடுகள் இருந்தன. கிணறு நிறைந்திருந்த ஆண்டுகளில் யாரும் அவற்றை ஏறிட்டுப் பார்த்ததில்லை.

2002ஆம் ஆண்டு மழை பொய்த்தது. கிணற்றில் ஊறும் தண்ணீர் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் மோட்டார் ஓடுவதற்குக்கூடப் போதவில்லை. அடுத்து வந்த பொங்கலுக்கு வழக்கம்போல வீட்டுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் வெள்ளையடித்த கையோடு, எங்கள் வீட்டுப் பெண்கள் மோட்டார்க் கொட்டகைக்கும் உள்ளும் புறமும் சுண்ணாம்பு பூசிவிட்டார்கள். நல்லெண்ணத்தோடு செய்த வேலைதான் அது. ஆனால் தை பிறந்து பத்து நாள் ஆவதற்குள், தனக்கு ஏழு கோடுகள் பாக்கி என்று பெரியப்பா மகன் சொன்னார். நான்குதான் என்று என் சித்தப்பா சொன்னார். வித்தியாசம் மூன்று கோடு, அதாவது ஒன்றரை மணி நேரத் தண்ணீர். இருவர் நிலத்திலும் தக்காளி பூவும் பிஞ்சுமாக நின்றது. அன்று மண்வெட்டிப் பிடியால் விழுந்த அடியில் சித்தப்பாவின் முழங்கை எலும்பு முறிந்தது. யார் முதலில் கை ஓங்கினார் என்பதில் இரு வீட்டாருக்கும் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. என் தங்கையின் திருமணத்துக்கு அண்ணன் வரவில்லை. பெரியம்மா இறந்தபோது சித்தப்பா சுடுகாடு வரை வந்து, யாரிடமும் பேசாமல் திரும்பினார்.

நான் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறவன். தண்ணீர்ப் பற்றாக்குறையால் நாடுகளுக்கு இடையே போர் வரும் என்று பாடப்புத்தகத்துக்கு வெளியிலும் மாணவர்கள் எங்கெங்கோ படித்துவிட்டு வந்து கேட்கிறார்கள். இந்த நூற்றாண்டின் போர்கள் எண்ணெய்க்காக நடந்தன என்றால், அடுத்த நூற்றாண்டின் போர்கள் தண்ணீருக்காக நடக்கும் என்று உலக வங்கியின் துணைத் தலைவராக இருந்த இஸ்மாயில் செராகெல்தீன் 1995இல் சொன்னது முதல் இந்தப் பேச்சு ஓயவே இல்லை. அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வெள்ளையடித்த அந்தச் சுவர்தான். அந்த ஆண்டு எங்கள் ஊரில் எல்லாக் கிணறுகளும் வற்றித்தான் இருந்தன. ஆனால் எல்லாக் கிணற்றடியிலும் எலும்பு முறியவில்லை. தண்ணீர் குறைந்ததனால் மட்டும் எங்கள் வீட்டில் அடிதடி வந்ததாக நான் நம்பவில்லை. குறைந்த தண்ணீரை இருவரும் ஒப்புக்கொள்ளும்படி அளந்து காட்டிக்கொண்டிருந்த ஒன்று, மிகவும் வேண்டியிருந்த வேளையில் இல்லாமல் போனதே காரணம்.

நாடுகளின் கதையிலும் இதையேதான் காண்கிறேன். தண்ணீருக்காக நடந்ததாக எழுத்தில் பதிவான மிகப் பழைய போர் இன்றைய ஈராக்கின் தென்பகுதியில், சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பு, லகாஷ், உம்மா என்ற இரு அண்டை நகரங்களுக்கு இடையில் நடந்தது. கால்வாய்ப் பாசனம் பெற்ற வளமான சமவெளி ஒன்றுக்கு இருவரும் உரிமை கோரினார்கள். கிஷ் நகரத்து அரசன் மெசிலிம் நடுவராக வந்து, அந்த நிலத்தைக் கயிறு பிடித்து அளந்து, எல்லையில் ஒரு கல்லை நட்டுவிட்டுப் போனான். பின்னாளில் உம்மாவின் ஆட்சியாளன் அந்தக் கல்லைப் பெயர்த்தெறிந்துவிட்டு லகாஷ் நிலத்துக்குள் நுழைந்தான் என்று லகாஷ் மன்னன் களிமண்ணில் எழுதிச் சுட்டு வைத்த பதிவு சொல்கிறது. தலைமுறை தலைமுறையாக நீண்ட அந்தப் பகை, அளவுக்கல் பெயர்ந்த இடத்திலிருந்துதான் கதையாகச் சொல்லப்படுகிறது.

அவ்வளவு தொலைவு பின்னால் போகவும் வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் கிர்கிஸ்தானுக்கும் தஜிகிஸ்தானுக்கும் இடையே எல்லைச் சண்டை மூண்டது. இஸ்ஃபாரா ஆற்றுத் தண்ணீரை இரு பக்கத்துக் கால்வாய்களுக்கும் பிரித்துவிடும் மதகுநிலையம் ஒன்றில், ஒரு தரப்பு கம்பத்தில் ஏறிக் கண்காணிப்புக் கேமரா பொருத்த முயன்றது. மறு தரப்பு தடுத்தது. முதலில் கல் வீசினார்கள், அடுத்த நாள் இராணுவங்கள் சுட்டுக்கொண்டன. இரு பக்கமும் சேர்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பல்லாயிரம் பேர் வீட்டை விட்டு ஓடினார்கள். மதகில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதே அங்கே உயிர்ப்பலி கேட்டது. அடுத்த ஆண்டும் அந்த எல்லையில் இரத்தம் சிந்தியது. பிறகு 2025 மார்ச்சில் இரு நாட்டு அதிபர்களும் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

நம் மாவட்டத்திலும் அப்படி ஓர் அளவிடும் இடம் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், அஞ்செட்டிக்கு அப்பால், காட்டுக்குள் இருக்கும் பிலிகுண்டுலு அது. காவிரி தமிழகத்துக்குள் வருவதை மத்திய நீர்வள ஆணையம் அங்கேதான் அளக்கிறது. பருவக்காலத்தில் நாள்தோறும் செய்தியில் அந்தப் பெயரைக் கேட்கும் பலர் அதை ஓர் அணையின் பெயர் என்றே நினைத்திருக்கிறார்கள். அங்கே அணை கிடையாது. நான் போயிருந்த ஆகஸ்ட் மாதக் காலையில் ஆறு செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. கரையிலிருந்து நீருக்குள் இறங்கும் வரிசையில், மீட்டரும் சென்டிமீட்டரும் தீட்டிய கம்பங்கள் நின்றன. கடைசி இரண்டு கம்பங்கள் முழுகியிருந்தன. நீர் மட்டத்தை அந்தக் கம்பத்தில் படித்துக்கொள்வார்கள். நீரோட்டத்தின் வேகத்தைக் காட்டும் கருவியை ஆற்றின் குறுக்கே பல இடங்களில் இறக்கி, அந்தந்த இடத்து ஆழத்தோடும் அகலத்தோடும் பெருக்கிக் கூட்டினால் விநாடிக்கு இத்தனை கன அடி என்ற கணக்கு வரும். ஒரு கன அடி ஏறத்தாழ 28 லிட்டர். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு பகலும் இரவும் ஓடினால் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி. கம்பத்தின் மேல் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. இரண்டு மாநிலங்களின் முதலமைச்சர்களும் உச்ச நீதிமன்றமும் வாதிடும் எண் இந்தக் கம்பத்திலிருந்துதான் புறப்படுகிறது என்று நினைத்தபோது, வெகுநேரம் எனக்கு அங்கிருந்து கிளம்ப மனம் வரவில்லை.

அந்த எண்ணுக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. சென்னை மாகாணமும் மைசூர் அரசும் 1892இலும் 1924இலும் ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. 1990 ஜூன் 2ஆம் நாள் நடுவர் மன்றம் அமைந்தது. அடுத்த ஆண்டு ஜூனில், தமிழகத்துக்கு ஆண்டுக்கு 205 டிஎம்சி மேட்டூரில் வந்துசேர வேண்டும் என்று இடைக்கால ஆணை பிறந்தது. அந்த ஆணை மத்திய அரசிதழில் வெளியான டிசம்பரில் பெங்களூரில் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டத்துக்குள் இருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. பெங்களூரில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த எங்கள் அத்தை குடும்பம் ஓசூர் வழியாக லாரியில் வந்து, இரவில் எங்கள் வீட்டு வாசலில் இறங்கியது. பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்தார் இரண்டு நாள் அவர்களைத் தம் சமையலறைக்குள் வைத்து, வெளியே பூட்டுப் போட்டுக் காப்பாற்றியதாக அத்தை சொல்லிச் சொல்லி அழுதார். அத்தை மகள் கையில் இருந்தது பள்ளிக்கூடப் பை மட்டும்தான். அதில் இருந்த கன்னடப் பாடநூலை வைத்து அவள் எனக்கு ‘அ, ஆ, இ, ஈ’ கற்றுக்கொடுத்தாள். எழுத்துகள் வட்ட வட்டமாக இருந்ததும், எங்கள் எழுத்துகளில் சிலவற்றை அவை ஒத்திருந்ததும் நினைவில் இருக்கின்றன. இரண்டு மாதம் கழித்து அவர்கள் அதே தெருவுக்குத் திரும்பிப் போனார்கள்.

2007 பிப்ரவரி 5ஆம் நாள் வந்த இறுதித் தீர்ப்பு, காவிரியில் ஆண்டுக்கு 740 டிஎம்சி இருக்கும் என்று கணக்கிட்டுத் தமிழகத்துக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பங்கு பிரித்தது. அளக்கும் இடத்தையும் மேட்டூரிலிருந்து மாநில எல்லைக்குக் கொண்டுவந்தது. ஆனால் பங்கைக் கண்காணித்து நடத்திவைக்கும் அமைப்பு மேலும் பதினோர் ஆண்டுகள் வரவில்லை. இந்தப் பதினோர் ஆண்டுகளைத்தான் நான் மிகவும் வருத்தத்தோடு நினைக்கிறேன். பங்கு எழுதியாயிற்று, அளவும் எடுத்தாயிற்று. குறைந்த ஆண்டில் குறையை எப்படிப் பகிர்வது என்று சொல்ல மட்டும் ஆள் இல்லை. ஒவ்வொரு வறண்ட ஆண்டிலும் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டியிருந்தது. ஆணை வந்த மறுகணமே தெரு கொதித்தது. 2016 செப்டம்பர் 12ஆம் நாள், விநாடிக்கு 12,000 கன அடி திறக்கும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது, பெங்களூரில் தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் வரிசையாக எரிந்தன. ஓசூர் எல்லையில் இரு மாநிலப் பேருந்துகளும் நின்றுவிட, அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையில் தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக மக்கள் நடந்தே எல்லையைக் கடந்தார்கள்.

2018 பிப்ரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 404.25 டிஎம்சியாகக் குறைத்தது. பிலிகுண்டுலுவில் கிடைக்க வேண்டியது 177.25 டிஎம்சி என்று ஆயிற்று. அந்தக் குறைப்பில் தமிழக உழவர்களுக்கு இருந்த மனக்குறை எனக்கும் உண்டு. ஆயினும் அந்தத் தீர்ப்போடு காவிரி மேலாண்மை ஆணையமும் ஒழுங்காற்றுக் குழுவும் வந்தன, ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று மாதவாரி அட்டவணை ஒன்றுக்கு நடத்திவைக்க ஆள் கிடைத்தது. 2023இல் மழை குறைந்தபோது சண்டை வரத்தான் செய்தது. குழு விநாடிக்கு 5,000 கன அடி என்றது. ஒரு தரப்பு அது போதாது என்றது, மறு தரப்பு அதுவும் முடியாது என்றது. செப்டம்பர் 26இல் பெங்களூரிலும் 29இல் கர்நாடகம் முழுவதும் முழு அடைப்பு நடந்தது. தமிழகப் பேருந்துகள் மறுபடியும் ஜூஜூவாடியோடு நின்றன. ஆனால் 1991இலும் 2016இலும் கண்ட தீயை அந்த ஆண்டு காணவில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை குழு கூடும், எண் வரும், மறுத்துப் பேச அடுத்த கூட்டம் இருக்கும் என்ற நிலை வந்துவிட்டால், தெருவில் இறங்குகிறவனுடைய வேகத்தில் பாதி குறைந்துவிடுகிறது. ஆணையத்தின் குறைகளைப் பட்டியலிடுகிறவர்களோடு எனக்குப் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அது இல்லாத ஆண்டுகளில் எங்கள் அத்தை வீட்டுக்கு என்ன ஆயிற்று என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சிந்து நதி உடன்பாட்டின் வலிமையும் இதில்தான் இருந்தது. 1960 செப்டம்பர் 19இல் கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்டார்கள். ரவி, பியாஸ், சட்லஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பாகிஸ்தானுக்கு. அத்தோடு இரு நாட்டு ஆணையர்களும் ஆண்டுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும், நீரோட்டக் கணக்குகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது. 1965, 1971, 1999 ஆகிய மூன்று போர்களிலும் அந்த உடன்பாடு நின்றது. 2025 ஏப்ரலில் பகல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதை அடுத்து இந்தியா அதை நிறுத்திவைத்தது. அந்தக் கொலைகள் மூட்டிய கோபம் எனக்கும் உண்டு, அது நியாயமானதும்கூட. ஆயினும் தண்ணீரை நிறுத்துவதைவிட முன்னதாக, மிக எளிதாக நின்றுபோவது கணக்குப் பரிமாற்றம்தான் என்பதும், அணை கட்ட ஆண்டுகள் பல ஆகும், கணக்கை நிறுத்த ஒரு நாள் போதும் என்பதும் எனக்குக் கவலை தருகின்றன. மேலே எவ்வளவு வெள்ளம் வருகிறது என்று தெரியாமல் கீழே உட்கார்ந்திருக்கிற உழவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும், அவன் நிலை ஒன்றுதான்.

நைல் நதியில் பங்கு எழுதும்போதே பெரிய பங்காளியை அழைக்காமல் விட்டார்கள். 1959இல் எகிப்து 55.5, சூடான் 18.5 என்று நூறு கோடி கன மீட்டர் கணக்கில் இருவரும் தமக்குள் பிரித்துக்கொண்டார்கள். எகிப்தை அடையும் நீரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டைத் தருகிற எத்தியோப்பிய மலைநாட்டுக்கு அந்தத் தாளில் இடமில்லை. அந்த எத்தியோப்பியா 2011இல் தொடங்கிய பேரணையை 2025 செப்டம்பரில் திறந்துவைத்தது. வறண்ட ஆண்டில் எவ்வளவு விட வேண்டும் என்று மூவரும் கையெழுத்திட்ட தாள் இன்னும் இல்லாமலேயே அணை நிறைந்திருக்கிறது.

சிரியாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைப் பலர் அவசரமாகச் சொல்லிவிடுகிறார்கள். 2006 முதல் 2010 வரை வடகிழக்குச் சிரியாவில் கடும் வறட்சி; கிணறுகள் வற்றின; ஆடுமாடுகள் செத்தன; குடும்பம் குடும்பமாக மக்கள் நகரங்களின் ஓரத்துக்குப் பெயர்ந்தார்கள்; 2011இல் கிளர்ச்சி வெடித்தது. ஆகவே வறட்சிதான் உள்நாட்டுப் போரைக் கொண்டுவந்தது என்று சிலர் எழுதினார்கள். அவ்வளவு நேராகக் கோடு இழுக்க முடியாது என்று வேறு ஆய்வாளர்கள் வலுவாக மறுத்தார்கள். மறுத்தவர்கள் பக்கமே என் மனம் சாய்கிறது. பல ஆண்டுகளாக நிலத்தடி நீரை வரம்பின்றி இறைக்க விட்ட அரசு, வறட்சியின் நடுவில், 2008இல், டீசல் மானியத்தை வெட்டியது. பம்பு ஓட்ட வழியற்றுப் போன உழவனுக்கு அந்த அரசு வேறு எதையும் கொடுக்கவில்லை, கேட்கவும் விடவில்லை. அமெரிக்க உளவு அமைப்புகள் 2012இல் வெளியிட்ட மதிப்பீடும் இதே பாங்கில்தான் பேசியது: அடுத்த பத்தாண்டில் தண்ணீருக்காக நாடுகள் நேருக்கு நேர் போரிடுவது அரிது, வறுமையும் திறனற்ற ஆட்சியும் இருக்கும் இடத்தில் தண்ணீர்ப் பஞ்சம் சேர்ந்தால் நாடு உள்ளிருந்து ஆட்டம் காணும் என்றது.

எங்கள் பக்கத்தை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். 2016இல் வடகிழக்குப் பருவமழை அறுபது விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. 2017 சனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. எங்கள் ஊரில் முப்பது ஆண்டுத் தென்னைகள் குருத்து சாய்ந்தன. மாட்டை விற்றவர்கள் பாதி விலைக்கு விற்றார்கள். ஊரில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போனார்கள். நான்கு மாதத்துக்கு முன் தமிழக வண்டிகள் எரிந்த அதே பெங்களூர்தான் அவர்களுக்குச் செங்கல் சுமக்கும் வேலையும் சனிக்கிழமைக் கூலியும் கொடுத்தது. ஊரில் மிஞ்சிய முதியவர்களை ரேஷன் அரிசியும் நூறு நாள் வேலையும் தாங்கின. சிரியாவின் வறட்சியில் பெயர்ந்தவர்களுக்கும் எங்கள் ஊரில் பெயர்ந்தவர்களுக்கும் நடுவில் இருந்த வேறுபாடு, ஒரு மூட்டை அரிசியும் போய் இறங்குவதற்கு வேலை இருக்கும் ஒரு நகரமும்தான் என்று நான் நினைக்கிறேன். அந்த நகரத்துக்கும் தண்ணீர் காவிரியிலிருந்தே போகிறது என்பதை, பங்கு பற்றிக் கோபமாகப் பேசும்போது எங்கள் பக்கத்தார் மறந்துவிடக் கூடாது. தண்ணீருக்காக ஒருவரை ஒருவர் பார்த்திருக்கும் இந்தச் சங்கிலி நீளமானது. 2019 ஜூலையில் சென்னையின் ஏரிகள் வற்றியபோது, சோலையார்பேட்டையிலிருந்து ஐம்பது வாகன்கள் கொண்ட இரயிலில் நடைக்கு 25 இலட்சம் லிட்டர் தண்ணீர் போயிற்றே, அதுவும் பிலிகுண்டுலுவைக் கடந்து மேட்டூரில் சேர்ந்த காவிரிதான்.

பற்றாக்குறை என்றால் அளவு மட்டும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். தருமபுரிக்காரருக்கு அப்படி நினைக்க முடியாது. என்னோடு படித்த பிள்ளைகளில் பலருடைய முன்பற்களில் குறுக்கே பழுப்புப் பட்டை இருக்கும். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார்கள். நாற்பது வயதில் முழங்கால் மடங்காமல், திண்ணையில் கால் நீட்டியே உட்கார்ந்திருந்த ஆண்களை ஊருக்கு இருவர் மூவராவது பார்க்கலாம். எங்கள் பாறையில் புளோரைடு இருக்கிறது; தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு காலம் பாறையோடு கிடக்கிறதோ அவ்வளவுக்கு அது நீரில் கரைகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது நம் நாட்டு அளவு. திறந்த கிணறு வற்றி, ஆழ்துளைக் கிணறு முந்நூறு, அறுநூறு, ஆயிரம் அடி என்று இறங்க இறங்க, குடிக்கிற தண்ணீரே நோயாக மாறியது. அதற்கு மருந்தாக வந்ததுதான் ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாயில் நிறைவேறிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். அதற்கும் கர்நாடகத்தின் ஒப்புதல் 1998லேயே எழுத்தில் வாங்கப்பட்டிருந்தது. ஆயினும் 2008இல் அடிக்கல் நாட்டியதும் எதிர்ப்பு எழுந்தது. அங்கே தேர்தல் நெருங்கிய நேரம்; பெங்களூரில் தமிழ்ப்படத் திரையரங்குகள் தாக்கப்பட்டன, சென்னையில் திரைத்துறையினர் உண்ணாவிரதம் இருந்தார்கள். தேர்தல் முடியட்டும் என்று முதலமைச்சர் கருணாநிதி திட்டத்தைச் சிறிது காலம் தள்ளிவைத்தார். பல் கறுத்த பிள்ளைகளுக்கான குடிநீர் இரு மாநிலச் சண்டையாக மாறிய அந்த வாரங்களில் நான் தூங்காமல் கிடந்தேன். 1998இல் எழுதிய தாள் இருந்ததனால்தான், கூச்சல் அடங்கியதும் வேலை தொடங்க முடிந்தது. 2013இல் குழாயில் தண்ணீர் வந்தது. இன்று என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் பல் பெரும்பாலும் வெள்ளையாக இருக்கிறது.

தென்பெண்ணைக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கழிவைச் சுமந்து, ஓசூருக்கு அருகில் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்கி, கிருஷ்ணகிரி அணைக்கு வருகிறது அந்த ஆறு. அதன் துணையாறான மார்க்கண்டேய நதியின் குறுக்கே யார்கோளில் கர்நாடகம் அணை கட்டியதைத் தடுக்கக் கோரித் தமிழகம் உச்ச நீதிமன்றம் போனது. 2019 நவம்பரில், நடுவர் மன்றம் கேளுங்கள் என்று சொல்லி நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளியது. காவிரிக்கு இருப்பதுபோல் மாதவாரி அட்டவணையோ, குறையைப் பகிர்ந்து தரும் ஆணையமோ தென்பெண்ணைக்குக் கிடையாது. காவிரியில் பட்ட பாட்டை இன்னொரு முறை முதலிலிருந்து படாமல், இருவரும் அளவை ஒப்புக்கொள்ளும் வேலையை நுரை பொங்கும் இப்போதே தொடங்கிவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஆற்றுக்காவது கம்பம் நடலாம். நிலத்துக்கு அடியில் இருப்பதற்கு எங்கே நடுவது? உலகிலேயே அதிகமாக நிலத்தடி நீரை இறைக்கும் நாடு நம்முடையது. சீனாவும் அமெரிக்காவும் சேர்ந்து இறைப்பதைவிட நாம் இறைப்பது அதிகம். நிலம் யாருடையதோ அதன் அடியில் இருக்கும் தண்ணீரும் அவருடையது என்கிற 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழலில்தான் இன்றும் துளை போடுகிறோம். தமிழகம் நிலத்தடி நீருக்கென 2003இல் கொண்டுவந்த சட்டம் நடைமுறைக்கு வராமலேயே 2013இல் நீக்கப்பட்டது.

எங்கள் கூட்டுக் கிணற்றில் இப்போது தண்ணீர் இல்லை. படிகளில் கருவேலம் முளைத்திருக்கிறது. நான்கு பங்காளிகளும் தனித்தனியே ஆழ்துளைப் போர் போட்டுக்கொண்டார்கள். சித்தப்பாவும் அண்ணனும் பத்தாண்டு கழித்துப் பேசத் தொடங்கிவிட்டார்கள். முறை இல்லை, மணிக்கணக்கு இல்லை, கோடு இல்லை, ஆகவே சண்டையும் இல்லை. இருவர் போருக்கும் நடுவில் நூறடி தூரம்கூட இராது. அண்ணன் தொள்ளாயிரம் அடி போனபோது சித்தப்பாவின் போரில் தண்ணீர் விட்டு விட்டு வந்தது. அவர் ஆயிரத்து நூறு போனார். சென்ற மாதம் என் தம்பி தொலைபேசியில் அழைத்து, மோட்டாரை இன்னும் கீழே இறக்க வேண்டும், நான்கு பைப் வாங்கப் பணம் வேண்டும் என்று கேட்டான். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் போர் லாரியின் இரைச்சல் கேட்டது. நம் நிலத்திலா என்று கேட்டேன். இல்லை அண்ணா, வரப்புக்கு அந்தப் பக்கம், அண்ணன் நிலத்தில் என்றான்.